பத்துப் பேருக்கு மேல் ஏற்றுவதில்லை

பாலக்காடு
9 ஜனவரி 2023

அத்தானுக்கு ஜோமோள் எழுதுவது.

உறையின் பின்பக்கம் என் பெயரைப் பார்த்த பிறகும் பிரித்திருக்கிறீர்கள் என்றால் நன்றி. உங்கள் போன் நம்பர் அம்மாவிடம் இருக்கிறது. நான் கேட்கவில்லை. கேட்டால் அம்மா என்ன நினைத்துச் சந்தோஷப்படுவாள் என்று தெரியும். அந்தச் சந்தோஷத்துக்கு நான் இன்னும் தயாராக இல்லை. இது வேலை விஷயமாக எழுதும் கடிதம்.

நான் இப்போது இங்கே ஓர் ஆய்வு நிலையத்தில் பொருளாதாரப் பிரிவில் இருக்கிறேன். சாவு நேரும் ஆபத்தைக் கொஞ்சம் குறைப்பதற்கு ஜனங்கள் எவ்வளவு தருவார்கள் என்று கணக்கெடுப்பதுதான் எங்கள் வேலை. போன வருடம் முதலமடை மாந்தோப்புகளில் மருந்து அடிக்கிறவர்களிடம் எடுத்தோம். மற்ற வேலைக்குக் கிடைக்கிற கூலியைவிட மருந்தடிக்க எவ்வளவு கூடக் கேட்கிறார்கள் என்று பார்த்தோம். இந்த வருடம் ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப்புகள். இடங்களின் பட்டியலில் மூன்றாவதாகச் சக்குபள்ளம் இருந்தது. நான் சேர்க்கவில்லை. வேண்டாமென்றால் எடுத்துவிடலாம் என்றார் எங்கள் பிரிவுத் தலைவர் பிரதீப் சார். இரண்டு நாள் யோசித்துவிட்டு, இருக்கட்டும் என்றேன்.

பிப்ரவரியில் இரண்டு பெண்கள் கேள்வித்தாளோடு வருவார்கள். நான் வர மாட்டேன். ஜங்ஷனில் ஜீப்புக்கு நிற்கிறவர்கள் முகம் தெரியாதவர்களிடம் வாய் திறக்க மாட்டார்கள். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் பேசுவார்கள். அவ்வளவுதான் உதவி.

ஊர்ப் பெயரைப் பட்டியலில் பார்த்ததும் காலை ஆறரை மணி ஜங்ஷன்தான் கண்ணில் வந்தது. லிஜி அக்கா என் ஸ்கூல் பையின் வாரைத் தன் கையில் ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்திருப்பாள். ஜீப்பின் பின்படியில் தொங்கும்போதும் விட மாட்டாள். வளைவு வந்தால் “மூச்சப் பிடி” என்பாள். வளைவு முடிந்ததை மட்டும் சொல்ல மாட்டாள். ஸ்கூல் வாசலில் நான் முகம் சிவந்து இறங்குவேன். இதையெல்லாம் எழுதக் கூடாது என்று நினைத்துத்தான் ஆரம்பித்தேன்.

ஆறு வருடத்துக்கு முன் கோர்ட் வாசலில் உங்களிடம் சொன்னதை நான் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. அதோடு சேர்த்து யோசித்து, முடிந்தால் உதவுங்கள்.

ஜோமோள்


சக்குபள்ளம்
27 பிப்ரவரி 2023

அன்பான ஜோமோளுக்கு,

நீ அனுப்பிய பிள்ளைகள் வந்து நான்கு நாள் இருந்துவிட்டுப் போனார்கள். நல்ல பிள்ளைகள். ஒருத்திக்கு மட்டும் வளைவில் குமட்டல் வந்து, ரோசியக்கா முந்தானையில் வைத்திருந்த எலுமிச்சம்பழத்தை மோந்து பார்க்கக் கொடுத்தாள். ரோசியக்காவை உனக்கு ஞாபகம் இருக்கும். லிஜிக்கு ஏலக்காய் எடுக்கப் பழக்கியவள்.

அவளிடம்தான் முதலில் கேட்டார்கள். ஜீப்பில் சாகிற ஆபத்து இத்தனையிலிருந்து இத்தனையாகக் குறைந்தால், ஒரு தடவைக்கு எத்தனை ரூபாய் கூடத் தருவீர்கள் என்று. ரோசியக்கா கேள்வித்தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “ஏட்டி, எங்க உசுருக்கு வெல கேக்கியா? நீ வாங்க வந்தியா, விக்க வந்தியா?” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அந்தப் பிள்ளைக்கு முகம் சுருங்கிவிட்டது. பிறகு ரோசியக்காவே, “சரி, ரெண்டு ரூவான்னு எழுது” என்று சொல்லிவிட்டுக் கூட்டமாக நின்ற வண்டியில் போய் ஏறிக்கொண்டாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. லிஜிக்குக் கோர்ட்டில் விலை போட்ட காகிதம் என் பெட்டியில் இருக்கிறது. நாள் கூலி இருநூற்று எண்பது. மாதம் ஏழாயிரம். அவளுடைய சொந்தச் செலவுக்கு என்று மூன்றில் ஒரு பங்கைக் கழித்தார்கள். வயது இருபத்தேழு, அதனால் பதினேழால் பெருக்கினார்கள். ஒன்பது லட்சத்து ஐம்பத்திரண்டாயிரம். உனக்கும் எனக்கும் போட்டுவிட்டு மிச்சமிருந்தால் சாப்பிட்டவள். அவள் சாப்பாட்டுக்கு மூன்றில் ஒரு பங்கா என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் நீ வாசலில் வந்து, “அக்காவ எண்ணி வாங்கியாச்சா?” என்று கேட்டாய். வாங்கியாச்சு என்றேன்.

நீயும் இப்போது அதே கணக்கைத்தான் போடுகிறாயா? கோபத்தில் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

சிலுவைராஜ்


பாலக்காடு
14 மார்ச் 2023

அத்தானுக்கு,

அந்தக் கணக்கு வேறு, இது வேறு. எட்டாம் வகுப்பு வரை படித்தவன் என்று நீங்களே சொல்லிக்கொள்வீர்கள், ஆனால் நான் மூன்று வருடம் சுற்றிச் சுற்றிப் படித்ததை ஒரு வரியில் கேட்டுவிட்டீர்கள். சொல்லிப் பார்க்கிறேன்.

கோர்ட், போன ஒருத்தியைப் பார்த்துக் கணக்குப் போடுகிறது. அவள் இருந்திருந்தால் எவ்வளவு சம்பாதித்திருப்பாள் என்று. எங்களுடையது இனி நடக்கப்போவதைப் பற்றியது. மேல் எஸ்டேட்டுக்கு ஆயிரம் பெண்கள் ஐந்து வருடம் போய் வருகிறார்கள் என்று வையுங்கள். கூட்ட வண்டியில் போனால் மூன்று பேர் திரும்ப மாட்டார்கள். கூட்டமில்லாத வண்டியில் போனால் ஒருத்தி. பிழைக்கிற அந்த இருவர் யார் என்று யாருக்கும் தெரியாது, அவர்களுக்கே தெரியாது. ஆயிரம் பேரும் ஆளுக்குக் கொஞ்சம் கூடத் தந்தால் அந்த மொத்தத் தொகை இரண்டு பெயரில்லாத உயிர்களுக்கானது. ரோசியக்கா சொன்ன இரண்டு ரூபாயை எல்லாரும் தந்தால், போக வர நான்கு ரூபாய், வருடம் முந்நூறு நாள், ஐந்து வருடத்தில் ஆளுக்கு ஆறாயிரம். ஆயிரம் பேருக்கு அறுபது லட்சம். ஓர் உயிருக்கு முப்பது லட்சம் வருகிறது. இது ரோசியக்காவின் விலை இல்லை. ஆபத்தைக் குறைக்க அரசாங்கம் எவ்வளவு செலவழிப்பது நியாயம் என்று சொல்லுகிற அளவுகோல். இப்படி ஒரு எண் இல்லாவிட்டால், யாரும் யாருக்காகவும் செலவழிக்க மாட்டார்கள்.

எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தால், அக்கா பக்கத்தில் உட்கார்ந்து “உனக்கே புரியுதாடி?” என்று கேட்பதுபோல் இருக்கிறது.

இன்னொன்று. பிள்ளைகள் வந்து சொன்னதிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. உங்கள் வண்டியில் பத்துப் பேருக்கு மேல் ஏற்றுவதில்லையாமே. மற்ற வண்டிகளில் பதினெட்டுப் பேர், முப்பது ரூபாய். உங்கள் வண்டியில் நாற்பது ரூபாயாம். நீங்கள் கோர்ட் கொடுத்த பணத்தில் ஜீப் வாங்கிவிட்டீர்கள் என்று மட்டும்தான் ஊரில் என்னோடு படித்த ஜிஜோ எனக்குச் சொன்னான். அதைக் கேட்ட நாளிலிருந்து உங்கள் பெயரை வீட்டில் எடுக்க விடவில்லை. அந்த ஜீப்பை எப்படி ஓட்டுகிறீர்கள் என்று அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

எங்கள் தொழிலில் இப்படி ஓர் இடத்தைத் தேடி அலைவார்கள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வண்டிகள், ஒன்றில் ஆபத்து குறைவு, பத்து ரூபாய் கூட. யார் எதில் ஏறுகிறார்கள் என்று நீங்கள் எங்காவது எழுதி வைத்திருந்தால் எனக்கு வேண்டும். கேட்கவே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன்.

ஜோமோள்


சக்குபள்ளம்
19 ஏப்ரல் 2023

அன்பான ஜோமோளுக்கு,

ஈஸ்டர் முடிந்து உட்கார்ந்து எழுதுகிறேன். நான் எழுதி வைத்திருக்கிறேன். யார் தந்தார்கள், யார் பிறகு தருவதாகச் சொன்னார்கள் என்பதற்காக எழுதியது, உன் படிப்புக்காக இல்லை. ஐந்து வருட நோட்டையும் பிரதி எடுத்து இதோடு வைத்திருக்கிறேன்.

பத்துப் பேர் எப்படி வந்தது என்று நீ கேட்கவில்லை. லிஜி போன அன்று நடந்தது உனக்குத் தெரியும், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். அன்று நான் முதலாளியின் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தேன். பதினெட்டுப் பேர் ஏறியாகிவிட்டது. லிஜி பின்னால் ஓடி வந்தாள். மழை. இடமில்லை, அடுத்த வண்டியில் வா என்றேன். பெண்டாட்டிக்கு மட்டும் இடம் பண்ணினால் மற்றவர்கள் என்ன சொல்வார்கள் என்று ஒரு ரோஷம். நேரத்துக்கு எஸ்டேட்டில் பெயர் கொடுக்காவிட்டால் அவளுக்கு அரைநாள் கூலி போய்விடும். பின்னால் நின்ற ஷைஜு வண்டியில் பத்தொன்பதாவது ஆளாக ஏறினாள். ரெண்டாவது வளைவில் அது பள்ளத்தில் போய்விட்டது. நான் அதற்குள் மேலே போய் ஆளை இறக்கிக்கொண்டிருந்தேன். ஒருவர்கூட எனக்கு நேராக வந்து சொல்லவில்லை.

பணம் வந்தபோது அதை என்ன செய்வதென்று தெரியவில்லை. பாங்கில் போட்டு வட்டி தின்ன முடியாது. கோயிலுக்குக் கொடுக்கப் பூசை வைக்கிற அச்சன் சொன்னார், மனசு வரவில்லை. பழைய ஜீப் ஒன்று வாங்கினேன். பத்து இருக்கை. பத்துப் பேர். முதல் மாதம் டீசலுக்கே காணவில்லை. மற்ற டிரைவர்கள், சிலுவை பென்ஸ் கார் ஓட்டுகிறான் என்றார்கள்.

இப்போது என்னோடு நிரந்தரமாக வருகிறவர்கள் இருபது பேர், ரெண்டு நடை. மற்றவர்கள் என் வண்டியைப் பார்த்துவிட்டு அடுத்ததில் ஏறுகிறார்கள். ரோசியக்காவிடம் ஒரு நாள் கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “ஒரு நாளைக்கு இருவது ரூவா, மாசம் ஐநூறு. பேத்திக்கு டியூசன் ஐநூறு. நான் செத்தா அவ அழுவா, டியூசன் நின்னா பெயிலாவா. எது நிச்சயமா நடக்கும்னு நீயே சொல்லு.” ஓசியாக ஏறிக்கொள் என்றேன், அதற்கும் மாட்டேன் என்றாள்.

நோட்டைப் பிரதி எடுக்கக் குமளிக்குப் போனேன். கல்யாணமான புதிதில் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நானும் லிஜியும் அங்கேதான் போவோம். உனக்குப் பேனா வாங்காமல் திரும்ப மாட்டாள். கடைக்காரன் ஒரு பேனா எடுத்து வைத்தால் காகிதத்தில் ‘ஜோமோள் எம்.ஏ.’ என்று எழுதிப் பார்ப்பாள். நீ அப்போது பத்தாம் வகுப்பு. அந்தக் கடை இன்னும் இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்துவிட்டு வந்தேன்.

சிலுவைராஜ்


பாலக்காடு
22 ஆகஸ்ட் 2023

அத்தானுக்கு,

நான்கு மாதமாகப் பதில் எழுதாததற்குக் காரணம் வேலை மட்டும் இல்லை. உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அம்மாவிடமும் காட்டினேன். அம்மா படித்துவிட்டு அரிசி களையப் போனாள். களைந்த அரிசியையே மறுபடியும் களைந்தாள்.

முதலில் வேலை. உங்கள் நோட்டு, பிள்ளைகள் எடுத்த பதில்கள் எல்லாம் சேர்த்துப் பார்த்தோம். பெரும்பாலானவர்கள் சொன்னது இரண்டு ரூபாய்தான். ஓர் உயிருக்கு முப்பது லட்சம். எல்லா ஜீப்பிலும் பத்துப் பேர் மட்டும் ஏற, அந்தப் பத்து ரூபாய் வித்தியாசத்தை வெளியிலிருந்து யாராவது கொடுத்தால், தப்புகிற ஓர் உயிருக்கு ஒன்றரைக் கோடி செலவாகும். முப்பது லட்ச நன்மைக்கு ஒன்றரைக் கோடி செலவு. ஆகவே திட்டம் தேறாது என்று அறிக்கை முடிய வேண்டும்.

பிரதீப் சார் கெட்டவர் இல்லை. நிதானமாகத்தான் சொன்னார்: “அவங்களுக்கு என்ன வேணும்னு அவங்களே சொல்லியிருக்காங்க. அதை மாத்த நாம யாரு?” அது எங்கள் பாடத்தின் அடிப்படை. ஜனங்கள் சொல்வதை மதிக்க வேண்டும்.

அன்று ஆபீஸிலிருந்து நடந்தே வீட்டுக்கு வந்தேன். வழியில்தான் அது ஞாபகம் வந்தது. பிளஸ் ஒன்னில் எகனாமிக்ஸ் சேர்ந்த முதல் வாரம், அடுப்படியில் உட்கார்ந்து சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தேன். தேவை என்றால் என்ன? ஆசையும் வேண்டும், அதை வாங்கக் கையில் காசும் வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் தேவை. அக்கா பலாக்கொட்டை சுட்டுக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்து, “அப்ப காசில்லாதவளுக்குத் தேவையே கெடையாதா? இத எழுதினவன் பசிச்சவனா இருக்க மாட்டான்” என்றாள். நீங்கள் கதவருகில் நின்று சிரித்தீர்கள். பரீட்சையில் வரும், சும்மா இருங்கள் என்று நான் கத்தினேன். சுட்ட கொட்டையை உரித்து என் வாயில் வைத்து அடைத்தாள்.

மறுநாள் பிரதீப் சாரிடம் போனேன். ரோசியக்காவின் இரண்டு ரூபாய் அவள் உயிரின் அளவு இல்லை, அவள் கையிலிருக்கும் காசின் அளவு என்றேன். பாலக்காடு டவுனில் ஹெல்மெட் வாங்குகிறவர்களிடம் நாங்களே எடுத்த கணக்கில் ஓர் உயிருக்கு ஒரு கோடியே எண்பது லட்சம் வந்தது. அந்த ரோட்டுக்குச் செலவழிக்கும்போது அந்த எண். மலைக்குச் செலவழிக்கும்போது இந்த எண். இரண்டும் ஒரே கஜானா. அதனால் எல்லாருக்கும் ஒரே எண்ணைப் போடலாம், அப்படிப் போட்டால் இந்த ஒன்றரைக் கோடித் திட்டம் தேறும், சில நாடுகளில் அப்படித்தான் போடுகிறார்கள் என்றேன். இரண்டு வாரம் வாதாடினோம். கடைசியில் இரண்டு கணக்கையும் அறிக்கையில் வைக்க ஒத்துக்கொண்டார். ஒரே எண்ணைப் போடச் சொல்லும் பரிந்துரையில் என் கையெழுத்து மட்டும் இருக்கும் என்றார். போட்டுவிட்டேன்.

இனி வேலை இல்லை.

கோர்ட் கொடுத்ததில் அம்மாவின் பங்கு மூன்று லட்சம். நான் ஹைதராபாத் போய்ப் படித்தது அந்தப் பணத்தில்தான். தெரியாமல் இல்லை, தெரிந்துதான் வாங்கினேன். ஒவ்வொரு முறை ஃபீஸ் கட்டும்போதும் உங்கள் மேல் கோபத்தைக் கொஞ்சம் கூட்டிக்கொண்டேன். அப்போதுதான் கட்ட முடிந்தது. எண்ணி வாங்கினது நீங்கள் மட்டும் இல்லை. இதைச் சொல்ல ஆறு வருடமும் எட்டு மாதமும் ஆகியிருக்கிறது.

அடுத்த வண்டியில் வா என்று சொன்னது நீங்கள் செய்த தப்பு என்று இத்தனை காலம் நினைத்தேன். அன்று அந்த ஜங்ஷனில் யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

என்னை மன்னியுங்கள், அத்தான்.

ஜோமோள்


சக்குபள்ளம்
5 செப்டம்பர் 2023

அன்பான ஜோமோளுக்கு,

மழை விடவில்லை. உன் கடிதம் உறை நனைந்து வந்தது, உள்ளே எழுத்து அழியவில்லை.

ஃபீஸ் விஷயம் எனக்கு அப்போதே தெரியும். அத்தை சொன்னார்கள். அன்று எனக்கு இருந்த ஒரே நிம்மதி அதுதான். உன் படிப்புக்குத்தான் லிஜி காய் எடுத்தாள், கூலி வந்த வழி மட்டும்தான் மாறியது என்று நினைத்துக்கொண்டேன். மன்னிப்பெல்லாம் எழுதாதே. இந்த வீட்டில் உனக்கு யாரும் கடன்படவும் இல்லை, நீ யாருக்கும் படவும் இல்லை.

நீ என்னைக் குற்றம் சொல்லாவிட்டாலும் அந்தக் காலை எனக்கு வேறு மாதிரி ஆகாது. அது என்னோடு இருக்கும். ஆனால் உன் வாயால் கேட்டது நல்லதாக இருந்தது.

பலாக்கொட்டை எனக்கும் ஞாபகம் இருக்கிறது. உனக்கு நாக்குச் சுட்டது. நீ அதைச் சொல்லவில்லை.

சிலுவைராஜ்


பாலக்காடு
20 மார்ச் 2024

அத்தானுக்கு,

அவசரமாக எழுதுகிறேன். திட்டத்தை ஒரு வருடம் நடத்திப் பார்க்க ஒப்புதல் வந்துவிட்டது. பத்து ரூபாயில் பாதி பஞ்சாயத்து, பாதி எஸ்டேட்காரர்கள். பெண்கள் முப்பதுதான் தருவார்கள். பத்துப் பேருக்கு மேல் ஏற்றாத எந்த வண்டிக்கும் அந்தப் பத்து கிடைக்கும். காலை நேரமும் அரை மணி தள்ளி வைக்கப்படும், வண்டிகள் இரண்டு நடை போகட்டும் என்று. ஜூன் முதல் ஆரம்பம். கூட்டத்தில் எஸ்டேட் தரப்பில் ஒருவர், இந்த ஒரு கோடியே எண்பது லட்சம் எங்கிருந்து வந்தது என்று எழுந்து கேட்டார். டவுனில் ஹெல்மெட் வாங்குகிற உங்களைப் போன்றவர்களிடமிருந்து வந்தது சார் என்றேன். உட்கார்ந்துவிட்டார்.

உங்களுக்கு இதில் ஒரு கஷ்டம் இருக்கிறது. உங்கள் இருபது பேரும் இனி எந்த வண்டியிலும் ஏறலாம். அதை நினைக்காமல் நான் கையெழுத்துப் போடவில்லை.

அம்மா உங்கள் நம்பரை என் போனில் தானே ஏற்றி வைத்துவிட்டாள். கூப்பிடுவேன். ஆனாலும் எழுதத்தான் பிடித்திருக்கிறது. பேசும்போது நீங்கள் ‘ம்’ என்பீர்கள், எழுதும்போது ஒரு பக்கம் எழுதுகிறீர்கள்.

ஜோமோள்


சக்குபள்ளம்
11 ஜூன் 2024

அன்பான ஜோமோளுக்கு,

சனிக்கிழமை நீயும் அத்தையும் வருவதாகச் சொன்னீர்கள். உன் அறையில் சுண்ணாம்பு அடித்திருக்கிறேன், வாசம் போக இன்னும் ரெண்டு நாள் ஆகும். குமளிக்கு வந்துவிடுகிறேன், பஸ் மாற வேண்டாம். ஞாயிறு பூசைக்குப் பிறகு கல்லறைக்குப் போகலாம். புல் வெட்டி வைத்திருக்கிறேன்.

ஒன்றாம் தேதி எப்படி இருந்தது என்று போனில் கேட்டாய். நான் ‘ம்’ என்றேன். எழுதுகிறேன்.

நல்ல மழை. ஜங்ஷனில் பதினாறு வண்டி. பஞ்சாயத்து ஆள் ஒருவர் குடை பிடித்து எண்ணிக்கொண்டு நின்றார். என் இருபது பேரில் ஆறு பேர் வேறு வண்டிக்குப் போய்விட்டார்கள், அவர்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே இப்போது வண்டி வருகிறது. எனக்கு வருத்தமில்லை என்று சொன்னால் பொய். ஆனால் இடம் காலியாக இருக்கவில்லை. ரோசியக்கா வந்து முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். ஆறு வருடமாகப் பார்த்துக்கொண்டே போன வண்டி. கதவை ரெண்டு தடவை திறந்து மூடிப் பார்த்தாள். “பென்ஸ் காருன்னாங்க, கதவு சரியா மூட மாட்டேங்குதே” என்றாள்.

பத்துப் பேர் ஆகிவிட்டது. அப்போது ஒரு பெண் நனைந்துகொண்டு ஓடி வந்தாள். புதிதாகச் சேர்ந்தவள், பெயர் ஜின்ஸி, கைக்குழந்தைக்காரி. குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு வருகிறாள், அதனால் தாமதம். இடமில்லை என்று நான் சொல்ல வேண்டும். எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன், இந்த ஆறு வருடமும் தினமும் சொல்லியிருக்கிறேன். அன்று மழையில் அவள் ஓடி வந்த விதத்தில் எனக்கு வாய் வரவில்லை. வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினேன். பின்னால் வந்த வண்டிக்குள் தலையை விட்டு எண்ணினேன். ஏழு பேர் இருந்தார்கள். அவளை ஏற்றிவிட்டு, டயரையும் ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் வந்து என் வண்டியை எடுத்தேன்.

ரெண்டாவது வளைவு தாண்டும்வரை கண்ணாடியில் அந்த வண்டியைப் பார்த்துக்கொண்டே போனேன். வந்துவிட்டது.

சாயங்காலம் அந்தப் பெண் ஜங்ஷனில் இறங்கி நேரே என்னிடம் வந்தாள். ஏதோ குறை சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். “அண்ணே, காலைல நீங்க ஏத்திவிட்ட வண்டில ஜன்னல் பக்கம் எடம் கெடச்சுது. தூங்கிட்டேன்” என்றாள். பிள்ளை பிறந்து நான்கு மாதமாக அவள் சரியாகத் தூங்கவில்லையாம். எஸ்டேட் வாசலில் வண்டி நின்ற பிறகு, மற்றவர்கள் தட்டி எழுப்பித்தான் இறக்கிவிட்டார்களாம்.

சிலுவைராஜ்